விழுந்தவள் பெயர்

அந்த வருஷம் அக்டோபரில் காற்று பாலைவனப் பக்கத்திலிருந்து ஒன்பது நாள் விடாமல் அடித்தது. எங்கள் ஊர்த் துஹங்கா ஓடையில் தண்ணீர் இல்லை, மணல்தான் ஓடியது. மரத்துச் சருகெல்லாம் எலீசியோவின் லாயத்துக்குள் வந்து குவிந்து, குதிரைகள் தும்மிக்கொண்டே இருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ தீ. புகை வாசம் ரொட்டியில்கூட அடித்தது.

என் பெயர் ஓடிஸ். அந்த ஓடையோரத் தெருவில் இருபத்தாறு வருஷமாகக் குதிரைகளுக்கு லாடம் கட்டுகிறேன். எலீசியோ கிஹாடா வீட்டில் மட்டும் பதினான்கு குதிரைகள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மூன்று நாள் அங்கேதான் எனக்கு வேலையும் சாப்பாடும். எல்லாம் சினிமாக் குதிரைகள். துப்பாக்கி வெடித்தால் காதை அசைக்காது, கடிவாளத்தை ஒருபக்கம் இழுத்தால் செத்ததுபோல் சாயும். எலீசியோ அவற்றை வாடகைக்கு விடுகிறவன். அவன் மனைவி டெல்ஃபினா பழக்குகிறவள். மகள் மரிபெல் அவற்றின் மேலிருந்து விழுகிறவள்.

அந்த வீட்டில் விழுவது ஒரு தொழில். டெல்ஃபினாவும் பதினெட்டு வயதிலிருந்து நாலு வருஷம் விழுந்தவள்தான். நடிகைகளின் முடியைப்போல டோப்பா வைத்துக்கொண்டு, அவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு, அவர்களுக்குப் பதிலாக விழுந்தாள். கடைசியாக விழுந்ததில் இடது இடுப்பு உடைந்தது. உள்ளே இரும்பு வைத்துத் தைத்தார்கள். அது எழுபத்தொன்றாம் வருஷம், நடிகை கொரின் டெலேனுக்காக விழுந்தது.

கொரின் டெலேனை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. நாலு கல்யாணம், நாலு விவாகரத்து. டைரக்டர்களைக் காலை முழுக்கக் காக்கவைத்தவள், கண்ணாடி உடைத்தவள். அவளுடைய வாழ்க்கையையே இப்போது படமாக எடுக்கிறார்கள் என்றும், குதிரைகள் எலீசியோவுடையவை என்றும், விழ வேண்டியது மரிபெல் என்றும் ஏற்பாடாகியிருந்தது. மரிபெல்லுக்கு இருபத்தேழு வயது. அதுவரை கூட்டத்தோடு கூட்டமாக விழுந்தவளுக்கு, தனியாக ஒரு விழுகை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் ஸ்கிரிப்டோடு உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் கொசுவலைக் கதவு திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டது.

"அம்மா, இதைக் கேளு. அறுபத்தொண்ணாவது சீன்." நின்றபடியே படித்தாள். "‘டூப்பாக வந்த பெண் சரிவைப் பார்க்கிறாள். முகம் வெளுக்கிறது. குதிரையிலிருந்து இறங்கி ஓடுகிறாள். கொரின் சிரிக்கிறாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு தானே குதிரையில் ஏறுகிறாள்.’" தாளை மேசைமேல் அடித்தாள். "ஓடினாளாம்! நீ ஓடினியாம்மா?"

டெல்ஃபினா கல்லில் கிடந்த சோள ரொட்டியை விரலால் திருப்பிப் போட்டாள். "ஓடியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். இடுப்பு தப்பிச்சிருக்கும்."

"விளையாடாத!"

"நான் இப்பவே போன் பண்றேன்," என்று எலீசியோ எழுந்தான். "ஒரு குதிரை கிடையாது. கழுதைமேல ஏறி எடுத்துக்குங்கடான்னு சொல்றேன். அன்னைக்கு அந்தக் குதிரையோட வாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான். யாரு ஏறினா, யாரு ஏறலன்னு எனக்குத் தெரியாதா?"

"தாராளமா சொல்லு. நாளையிலேர்ந்து பதினாலு வாயும் உன் தொப்பியத்தான் திங்கும்."

"திங்கட்டும்!"

"உக்காரு. குழம்பு ஆறுது. ஓடிஸு, நீயாவது சாப்பிடு. இவங்களோட சேந்து நீயும் வாயப் பொளந்துக்கிட்டு இருக்காத."

பன்றிக்கறியும் உரித்த சோளமும் போட்டு விடியற்காலையிலிருந்து வெந்த குழம்பு. நான் தலையைக் குனிந்துகொண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டூப் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். டெல்ஃபினா விழுந்ததை ஒரு பத்திரிகைக்காரன் ‘கொரினே விழுந்தாள்’ என்று எழுதினான். முதலில் கொரின் அதைக் கேட்டுச் சிரித்தாள், அவ்வளவுதான். அப்புறம் டெலிவிஷனில் ஒருவர் கேட்டபோது மறுக்கவில்லை. அதற்கப்புறம் கேட்டவர்களிடம் விழுந்த கதையையே சொன்னாள். வருஷத்துக்கு வருஷம் சரிவு உயரமானது. எண்பதுகளில் ஒரு பேட்டியில், டூப் ஓடிப்போய்விட்டதாகவும் சேர்த்துக்கொண்டாள். அதையெல்லாம் டெல்ஃபினா டெலிவிஷனில் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய்க் குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்தாள்.

"எனக்கு வேண்டாம் இந்த வேலை," என்றாள் மரிபெல். "உன்னக் கோழைன்னு சொல்லிட்டு, நீ விழுந்த விழுகைய நான் அவ பேர்ல விழணுமா? என்ன பொழப்பு இது?"

"டூப் பொழப்பு. எப்பவுமே அடுத்தவ பேர்லதான் விழுவோம்."

"அவ ஒரு ராட்சசிம்மா. ஸ்கிரிப்ட் பூரா பாரு. வேலைக்காரி மேல டெலிபோன எறியுறா."

"எறிவா. நான் பாத்திருக்கேன். அது உண்மைதான்."

"அப்ப?"

"அவ எறிஞ்சத எழுதிட்டாங்க. வேற சிலது எழுதல." டெல்ஃபினா ரொட்டிகளைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தாள். "விழுறது உன்னோட வேலை. யாரு பேர்ல வேணா இருக்கட்டும், விழும்போது அந்த நாலு நொடி உனக்குத்தான். நீ பண்ணு. மத்தத நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று அவள் சொல்லவில்லை. மரிபெல் நின்றபடியே ஒரு ரொட்டியை எடுத்து, கோபத்தோடு தின்றாள்.

வியாழக்கிழமை டைரக்டர் லாயத்துக்கு வந்தான். தியோ என்று பேர், முப்பத்தைந்து வயதிருக்கும், தாடிக்குள் பாதி முகம். கூடவே கொரினாக நடிக்கும் பெண். அவர்களுக்குப் பின்னால் பெரிய கறுப்புக் காரிலிருந்து கொரின் டெலேனே இறங்கினாள். அறுபத்தொன்பது வயது. தலையில் பட்டுத் துணி, கறுப்புக் கண்ணாடி, காலில் குதிரைச் சாணத்துக்கு ஆகாத வெள்ளைச் செருப்பு.

"இவதான் நானா?" என்று அந்தப் பெண்ணைக் காட்டி எலீசியோவிடம் கேட்டாள். "நடையப் பாரு, வாத்து மாதிரி! நான் நடந்தா குதிரையெல்லாம் திரும்பிப் பாக்கும்."

"இப்பவும் பாக்குதுங்க, மேடம்," என்றான் எலீசியோ பல்லைக் கடித்துக்கொண்டு. "தீனி கொண்டுவர்றீங்களோன்னு."

நான் அப்போது சாம்பல் நிறக் குதிரையின் பின்னங்காலைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக் குளம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் சரிவைப் பார்க்க மேலே போனார்கள். கொரின் வெயில் தாங்காமல் லாயத்து நிழலுக்கு வந்தாள். அங்கே டெல்ஃபினா ஒரு குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குதிரைதான் இருந்தது. எனக்கு எழுந்து போகவும் வழியில்லை. குளம்பைப் பாதியில் விட்டால் அது உதைக்கும்.

கொரின் கண்ணாடியைக் கழற்றினாள். டெல்ஃபினாவின் இடது பக்கத்தைப் பார்த்தாள்.

"இடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்குது. மழை வர்றத எல்லாருக்கும் முன்னாடி சொல்லும்."

"நீ என்னை ஏசுவேன்னு நெனச்சேன்."

"குதிரை மெரளும்."

கொரின் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. டெல்ஃபினா குழாயை மூடினாள்.

"நான் பயந்து ஓடிட்டேன்னு எழுதியிருக்காங்க."

"கதைக்கு ஒரு காரணம் வேணும்ல. நான் ஏன் ஏறினேன்னு கேப்பாங்க. ஏதோ ஒருதடவ சொல்லிட்டேன். அப்புறம் அதுவே நின்னுபோச்சு."

"சரி. நான் ஆஸ்பத்திரில ஆறு வாரம் கெடந்தேனே, அது ஏன் அதுல இல்ல? ஒவ்வொரு வியாழக்கிழமையும் பின்பக்கப் படி வழியா வருவீங்க, இதே மாதிரி தலையில துணிய கட்டிக்கிட்டு. பேசினில தண்ணி வெச்சு எனக்குத் தலை அலசி விட்டீங்க. என்னால குனிய முடியாதுன்னு கால் நகம் வெட்டி விட்டீங்க. எங்கம்மாகூட அத பண்ணல. போன் எறிஞ்சது மட்டும் படத்துல இருக்கு, அது எங்க?"

"அத யாரு பாப்பா?" கொரினின் குரல் உயர்ந்தது. "ராட்சசின்னு காட்டட்டும், ஜனங்க கண்ண எடுக்காம பாப்பாங்க. நகம் வெட்டினேன்னா கொட்டாவி விடுவாங்க. எனக்கு இந்தத் தொழில் தெரியும் டெல்ஃபினா. படத்துல நடிகைன்னா ஒண்ணு குடிக்கணும், இல்ல கத்தணும், இல்ல சாகணும். நல்லவளா இருந்தா சீன் கெடையாது. அந்த விழுகை ஒண்ணுதான் எனக்கு நல்லதா இருக்கு. அதையும் நீ எடுத்துட்டா நான் வெறும் கோவக்காரிக் கெழவி."

"எடுக்க வரல. அது எங்கிட்டதான் இருக்கு, எலும்போட." டெல்ஃபினா துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். "நாப்பது வருஷம் நீங்களே வெச்சிருந்தீங்க, நான் கேட்டேனா? இன்னும் வெச்சுக்குங்க. பயந்தவன்னு மட்டும் சொல்லாதீங்க. நாளைக்கு என் மக அந்தச் சரிவுல ஏறப்போறா. ஓடிப்போனவ மகளா அவ ஏறக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

கொரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இரண்டடி போய், திரும்பாமலே கேட்டாள்:

"நான் வர்றத நிறுத்தினப்புறம் நீ என்ன நெனச்ச?"

"நகம் வளந்துடுச்சுன்னு நெனச்சேன்."

கார் போன பிறகுதான் நான் குளம்பைக் கீழே விட்டேன். டெல்ஃபினா என்னைப் பார்த்து, "உனக்குக் காது கேக்காதுல்ல ஓடிஸு?" என்றாள். "சுத்தமா கேக்காது," என்றேன்.

மறுநாள் காலை காற்று கொஞ்சம் தணிந்தது. ஓடைக்கு மேலே அந்தப் பழைய சரிவிலேயே எடுத்தார்கள். எண்பது பேர் இருப்பார்கள். குடைகள், கேமராக்கள், காப்பி வண்டி. ஒரு தனி கேமராக்காரன், படம் எடுப்பதையே படம் எடுத்துக்கொண்டிருந்தான். கொரினுக்குத் துணி நாற்காலி போட்டிருந்தார்கள். நான் லாடம் கழன்றால் அடிக்க, ஆணியும் சுத்தியலுமாக ஓரத்தில் நின்றேன்.

டெல்ஃபினா காலையிலேயே போய் சரிவைக் காலால் தடவிப் பார்த்திருந்தாள். கற்களைப் பொறுக்கிப் போட்டு, விழும் இடத்தில் மண்ணை ஒரு முழம் ஆழம் கிளறவைத்தாள். மகளுக்குத் தோல் பட்டையை இறுக்கிவிட்டாள்.

"எடது கால அங்கவடி வளையத்துலேர்ந்து முன்னாடியே எடுத்துடு. நான் லேட்டா எடுத்தேன்."

"தெரியும்மா."

"தெரியும்தான். நான் சொல்லணும்ல."

ஓடிப்போகும் டூப்பின் காட்சியை அப்புறம் எடுப்பதாக வைத்திருந்தார்கள். முதலில் விழுகை. தியோ கையைத் தூக்கினான். சாம்பல் குதிரை சரிவின் விளிம்புக்குப் பாய்ந்து வந்தது. துப்பாக்கி வெடித்தது. குதிரை தோளைக் கொடுத்துச் சாய்ந்தது, மரிபெல் அதன் கழுத்துக்கு மேலே பறந்தாள். புழுதி எழுந்து எதையும் பார்க்க முடியவில்லை. எலீசியோ ஒரு கையால் என் தோளைப் பிடித்திருந்தான். அவன் விரல் பதிந்த இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

புழுதிக்குள்ளிருந்து முதலில் குதிரை எழுந்தது. அப்புறம் ஒரு கை. அப்புறம் மரிபெல் முழுசாக, சிரித்துக்கொண்டு.

எண்பது பேரும் கத்தினார்கள். டெல்ஃபினா மட்டும் கத்தவில்லை. வாயில் வைத்திருந்த கைக்குட்டையை வெளியே எடுத்தாள். அதைக் கடித்துக் கிழித்திருந்தாள்.

தியோ ஓடிவந்து கொரின் முன்னால் முட்டி போட்டான். அந்தத் தனி கேமராக்காரனும் வந்துவிட்டான்.

"மேடம், பாத்தீங்களா! அடுத்தது நீங்க எழுந்திருக்கிறது, முகத்துக்குக் கிட்ட வெச்சு எடுக்கணும். சொல்லுங்க. விழுந்து, கண்ணு திறந்ததும் மொதல்ல என்ன பண்ணீங்க? சின்ன விஷயம் போதும். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

கொரின் வாயைத் திறந்தாள். நாற்பது வருஷமாகச் சொன்ன கதை அவளிடம் தயாராகத்தான் இருந்தது. "வானத்தப் பாத்தேன்," என்று ஆரம்பித்தாள். "வானம் அவ்வளவு நீலமா…"

அங்கே நிறுத்தினாள். சரிவில் மரிபெல் குதிரையின் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து மண்ணைத் துப்பினாள். கொரின் அதையே பார்த்தாள். கேமராக்காரன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினான்.

"எனக்குத் தெரியாது," என்றாள் கொரின்.

"மறந்துடுச்சா மேடம்? பரவாயில்ல…"

"மறக்கல. தெரியாது. நான் விழவே இல்ல." நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். மேடையில் பேசிப் பழகிய குரல், எண்பது பேருக்கும் கேட்டது. "அன்னைக்கு நான் கேரவன்ல உக்காந்து வாளியில வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேன். டூப் ஓடல. ஓடினது நான். சன்னல் தெரைய விலக்கி ஒரு கண்ணால பாத்தேன். அந்தப் பொண்ணுக்கு இருபத்திரண்டு வயசு. என் சட்டையப் போட்டுக்கிட்டு எனக்காக விழுந்தா. எழுந்திருக்கல. நாலு பேர் பலகையில தூக்கிட்டுப் போனாங்க. பேர் டெல்ஃபினா. அதோ நிக்குறா. என்ன பண்ணினான்னு அவளக் கேளு."

எண்பது தலையும் திரும்பியது. டெல்ஃபினா கையிலிருந்த கந்தலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் திணித்தாள்.

"குதிரை எழுந்திருச்சுதான்னு பாத்தேன்," என்றாள். "எழுந்திருச்சுது. அப்புறம்தான் வலிச்சுது."

தியோ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். கெட்டது காரியம் என்று நினைத்தேன். எலீசியோ முஷ்டியை மடக்கி முன்னால் போனான்.

"நாலு மாசம்!" என்று தியோ கத்தினான். "நாலு மாசமா நான் ஒரு பொய்ய வெச்சுக்கிட்டு முட்டிக்கிட்டு இருந்தேன், அந்த சீன் மட்டும் செத்துக் கெடக்குதேன்னு! அந்த வாளி, அந்தச் சன்னல்! இதுதான்யா படம்!" டெல்ஃபினாவிடம் ஓடினான். "அம்மா, நீங்க எங்கூட உக்காந்து எல்லாத்தையும் சொல்லணும். ஒண்ணு விடாம."

"சொல்றேன். ஆனா ஆஸ்பத்திரியையும் போடணும்."

"என்ன ஆஸ்பத்திரி?"

"டெல்ஃபினா, வேண்டாம்," என்றாள் கொரின்.

"போடணும். இல்லன்னா நான் வாயத் திறக்கமாட்டேன். நாப்பது வருஷம் திறக்காதவ, இன்னும் நாப்பது வருஷம் என்னால முடியும்."

அன்று வேறெதுவும் எடுக்கவில்லை. காப்பி வண்டிக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து டெல்ஃபினா சொன்னாள், தியோ எழுதினான். கொரின் நடுநடுவே, "பேசின் நீலம் இல்ல, பச்சை," என்றும், "நான் அழல, கண்ணுல சோப்பு பட்டுச்சு," என்றும் திருத்தினாள். மத்தியானம் எலீசியோ வீட்டிலிருந்து பெரிய பாத்திரத்தில் குழம்பும் ரொட்டியும் கொண்டுவந்தான். கொரின் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். உறைப்பு போதாது என்றாள்.

அவளுக்கு அகம்பாவம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக் காட்சியை எடுத்த அன்று நானும் இருந்தேன். டூப் கட்டிலில் கிடக்க, கொரினாக நடிக்கும் பெண் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து நகம் வெட்ட வேண்டும். கொரின் மூன்று தடவை நிறுத்தினாள். "நகம் வெட்டுறாளா, கறி வெட்டுறாளா? நான் எவ்வளவு அழகா வெட்டுவேன் தெரியுமா? கொண்டா இப்படி!" என்று பிடுங்கித் தானே உட்கார்ந்து காட்டினாள். கட்டிலில் டூப்பாகப் படுத்திருந்தது மரிபெல். தாயின் வேஷத்துக்கு அவளைவிடப் பொருத்தமாக யார் கிடைப்பார்கள் என்று தியோ அவளுக்கே கொடுத்துவிட்டான். முதல்முறையாக அவள் முகம் கேமராவுக்குத் தெரிந்தது.

கொரின் அவளுக்கு ஐந்து விரலும் வெட்டிவிட்டு, "உங்கம்மா கால்தான் உனக்கும். சட்டிப் பானை மாதிரி," என்றாள்.

"ஆனா ஓடாத கால், மேடம்," என்றாள் மரிபெல்.

கொரின் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள்.

அடுத்த வருஷம் மே மாதம் படம் வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குக் கிஹாடா குடும்பமே கிளம்பியது. மச்சினன்மார், அவர்கள் பிள்ளைகள், எங்கள் தெருவில் வைக்கோல் விற்பவன், நான், எல்லாமாகப் பத்தொன்பது பேர். தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க நாங்கள்தான். எலீசியோ கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், பொத்தான் பூட்டவில்லை. டெல்ஃபினா, "ஒரு படத்துக்கு இவ்வளவு அமளியா?" என்று திட்டிக்கொண்டே வந்தாள். அவளும் காதில் தங்க வளையம் போட்டிருந்தாள்.

படத்தில் கொரின் போனை எறிந்தாள். கண்ணாடி உடைத்தாள். ஜனங்கள் கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள், அவள் சொன்னது சரிதான். அப்புறம் சரிவு வந்தது. கேரவன் சன்னலில் ஒரு கண். அந்தக் கண் பார்க்க, மரிபெல் குதிரையில் ஏறினாள். திரும்பி ஒருமுறை பார்த்தாள், சரிவை நோக்கி விட்டாள். விழுந்தாள். புழுதி. குதிரை எழுந்தது. கீழே கிடந்தவள் தலையை மட்டும் தூக்கி, குதிரை நிற்கிறதா என்று பார்த்தாள்.

பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். அப்புறம் பக்கத்தில் ஒருவர். அப்புறம் தியேட்டர் முழுக்க. அந்தப் பெண் யார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

எலீசியோவால் அதற்குமேல் முடியவில்லை. எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கையை நீட்டி, "அது என் பொண்டாட்டி!" என்று கத்தினான். "நான்தான் குதிரையப் பிடிச்சிருந்தேன்! அது என் பொண்டாட்டி!"

"உக்காருய்யா, மானத்த வாங்காத," என்று டெல்ஃபினா அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் மகளோடு வந்திருந்த ஒரு பெண் நாற்காலியில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, திரை வெளிச்சத்தில் டெல்ஃபினாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நிஜமாவா?" என்று கேட்டாள். "நீங்களா அது?"

டெல்ஃபினா கோட்டை விட்டாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். முழு உயரத்துக்கு நிமிர்ந்து, எல்லாருக்கும் தெரியும்படி நின்றாள்.

"ஆமா," என்றாள். "நான்தான் விழுந்தேன்."